வாரியத்தின் முக்கோணம்

விசாரணை அறையில் இருந்தவர்கள்: திறன் அளவீட்டு வாரியத்தின் தலைவர், வடிவியல் பிரிவு அதிகாரி, எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிடும் கணிதச் சார்புகள் பிரிவு அதிகாரி, நேர்மைப் பிரிவிலிருந்து ஒருவர், கூப்பிட்டால் மட்டும் உள்ளே வர அனுமதி பெற்ற தச்சர், என் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், மாமாவுக்குத் துணையாக நான். சுவரில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய முப்பத்தேழாம் வினா.

எனக்கும் மாமாவுக்கும் நாற்காலி இல்லை. விண்ணப்பதாரர் உட்கார்ந்தால் தளர்ந்துவிடுவார், தளர்ந்தவர் சொல்வதை நம்ப முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். துணைக்கு வந்தவனும் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். துணை என்றால் எல்லாவற்றிலும் துணைதான் என்றார்கள்.

மாமாவும் நானும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு ஷிஃப்ட். நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. படுக்கை விரிப்புகளுக்கு என் படிப்பு போதும். மாமா பத்தாவதை முடித்தவர். அதனால்தான் அவருக்கு ஆசை வந்தது.

ஆசை பெரிதொன்றும் இல்லை. பகல் ஷிஃப்ட். அக்கா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் பகல் வேலை பார்க்கிறாள். காலையில் அவள் செருப்பை மாட்டும்போது மாமா செருப்பைக் கழற்றுவார். வாசல்படி ஒன்றுதான் அவர்கள் சேர்ந்து குடும்பம் நடத்தும் இடம். சண்டையைக்கூடச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டித்தான் போடுவார்கள். பதில் மறுநாள் ஒட்டப்படும். அதற்குள் எதற்குச் சண்டை என்பது இருவருக்குமே மறந்திருக்கும். அவர்கள் மகள் பள்ளியில் குடும்பப் படம் ஒன்று வரைந்தாள். அம்மா நின்றாள், மகள் நின்றாள், அப்பா படுத்திருந்தார். ஆசிரியை அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா தவறிட்டாரா?" என்று விசாரித்தாள்.

அன்றைக்குத்தான் மாமா பகல் ஷிஃப்ட் கேட்டு மனுப் போட்டார். பகல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வாரியத்தின் தேர்வில் பாஸாக வேண்டும் என்று அப்போதுதான் புது விதி வந்திருந்தது. இரவில் துணி துவைக்க ஆள் இருந்தால் போதும். பகலில் துவைக்க வடிவியலும் சார்புகளும் வேண்டும்.

மாமா எழுதினார். பாஸுக்கு என்ன மதிப்பெண் வேண்டுமோ அதைத் தொட்டார். ஒரு கேள்வி குறைந்திருந்தால் ஃபெயில். அக்கா ஃபிரிட்ஜில் ஒரு பூப்படம் ஒட்டினாள். அடுத்த வாரமே விசாரணைக்கு அழைப்பு வந்துவிட்டது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரிலிருந்ததை வாசித்தார்.

"வினா முப்பத்தேழு. ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் முறையே 5, 7, 14 சென்டிமீட்டர் எனில், அதன் பரப்பளவு என்ன? அ, பன்னிரண்டு. ஆ, பதினாறு. இ, இருபத்தொன்று. ஈ, இருபத்தெட்டு." நிமிர்ந்தார். "தேர்வு எழுதின எல்லாரும் 'இ' போட்டிருக்காங்க. ஒரே ஒருத்தர் 'ஆ' போட்டிருக்கார். எங்க விடைக்குறிப்புலயும் 'ஆ'தான். எங்களுக்கு இருக்கிறது ஒரே சந்தேகம். எப்படிங்க சரியாப் போட்டீங்க?"

"சரியாப் போட்டது தப்பா சார்?" என்றார் மாமா.

"தப்புன்னு யார் சொன்னா? சரியாப் போட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். தப்பாப் போடக் காரணம் தேவையில்ல. அதான் எல்லாரும் போடுறாங்களே."

எல்லோரும் 'இ' போட்டதற்கு உண்மையில் காரணம் இருந்தது. ஊரிலுள்ள பயிற்சி நிலையங்கள் அத்தனையும் முதல் நாள் வகுப்பில் சொல்லித்தருவது ஒன்றுதான்: தெரியவில்லையா, 'இ' போடு. மாமா பயிற்சிக்குப் போகவில்லை. வகுப்புகள் பகலில். பகலில் அவர் தூங்க வேண்டும்.

"மத்தவங்களுக்கு ஏன் சரியா வரலைன்னு கேக்கலாமா?" என்றேன் நான். துணைக்கு வந்தவன் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

வடிவியல் அதிகாரி என்னைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, முக்கோணத்துல ரெண்டு பக்கத்தைக் கூட்டினா மூணாவது பக்கத்தைவிடப் பெருசா வரணும். இல்லாட்டி முனை சேராது. இங்க அஞ்சும் ஏழும் பன்னெண்டு. பதினாலுக்கு எட்டாது. அப்படிப் பாத்தா, இந்த முக்கோணம் கிடையாது."

"அப்ப கேள்வியே தப்புதானே சார்?"

"அந்த விதி பொது முக்கோணத்துக்குப்பா. இது வாரியத்தின் முக்கோணம்."

தலைவர் தலையசைத்தார். "எங்க முறை உங்களுக்குத் தெரியாது. முதல்ல விடையைத் தயார் பண்ணிப் பெட்டியில பூட்டிடுவோம். அதுக்கப்புறம்தான் கேள்வி எழுதுவோம். அதனால விடை தப்பாகிறதுக்கு வழியே கிடையாது. கேள்விதான் சில சமயம் விடைக்கு ஒத்துழைக்காது. அது கேள்வி எழுதினவரோட குணம். அவர் ரிட்டயர் ஆயிட்டார்."

பிறகு தச்சரைக் கூப்பிட்டார்கள். முக்கோணம் கிடையாது என்று பத்திரிகையில் யாரோ எழுதிவிட்டதால், அதை மரத்தில் செய்து வைக்கும்படி வாரியம் உத்தரவு போட்டிருந்தது. தச்சர் பச்சைத் துணி போர்த்திய ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துத் துணியை எடுத்தார். நன்றாகப் பாலிஷ் போட்ட முக்கோணம். மூன்று கட்டைகளிலும் எண்கள் செதுக்கியிருந்தன. பதினாலு என்று செதுக்கிய கட்டை, ஏழு என்று செதுக்கியதைவிட ஒரு விரற்கடைதான் நீளம்.

"இது பதினாலாங்க?" என்றார் மாமா.

"அண்ணே, முதல்ல சரியா அளந்துதான் அறுத்தேன்," என்றார் தச்சர். "பெரிய கட்டையோட இந்த முனையில ஒண்ணு, அந்த முனையில ஒண்ணு வெச்சா, சின்னது ரெண்டும் தொடவே இல்ல. சாய்ச்சு சாய்ச்சுப் படுக்கவே போட்டுட்டேன், அப்பவும் நடுவுல சந்து. எழுதிக் குடுத்தேன். வினாத்தாள்ல சந்து இல்லை, நீக்கவும்னு பதில் வந்துச்சு. நீக்கிட்டேன்."

"எதை?"

"பெரிய கட்டையைக் குறைச்சேன். பதினாலுன்னு செதுக்கிட்டேன். ஐயாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வீட்டுக்கு ஒண்ணு கேட்டிருக்கார்."

வடிவியல் அதிகாரி சங்கடப்படவே இல்லை. "அளவுங்கிறது எழுத்துல இருக்கு. கட்டையில இருக்கிறது வெறும் நீளம்," என்றார்.

நேர்மைப் பிரிவுக்காரர் முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டுப் பார்த்து, திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

மாமா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். இரவு முழுக்க ஈரத்துணி இழுத்துவிட்டு நேராக வந்திருந்தார். "சார், எனக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சிட்டுப் போயிடுறேன்."

"மூணு வழி இருக்கு," என்றார் தலைவர், ஓட்டலில் பில்லைச் சொல்லும் குரலில். "ஒண்ணு, குத்துமதிப்பாப் போட்டேன்னு சொல்லலாம். குத்துமதிப்பாப் போட மாட்டேன்னு உறுதி குடுத்துட்டுத்தான் தேர்வு எழுதியிருக்கீங்க. அதனால தேர்வு ரத்து. ரெண்டு, கேள்வியே தப்புன்னு சொல்லலாம். தாராளமாச் சொல்லலாம். அப்ப அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, நீங்க ஃபெயில். மூணு, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிப் போட்டுக் காட்டலாம். காட்டிட்டா இன்னிக்கே பகல் ஷிஃப்ட் உத்தரவு."

"இல்லாத முக்கோணத்துக்கு எப்படி சார் கணக்கு?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்குறோம்."

இந்த இடத்தில் மேடம் மாமாவுக்கு ஆறுதல் சொன்னார். நல்ல மனதுக்காரர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "இதுல பயப்பட ஒண்ணுமே இல்லைங்க. எங்க தேர்வு ஒரு சார்பு மாதிரி. ஒரு மிஷின்னு வெச்சுக்கங்க. ஒரு பக்கம் ஆளைப் போடுறோம், இன்னொரு பக்கம் மதிப்பெண் வருது. சார்புகள்லயே உசத்தி மாறிலிச் சார்பு. நீங்க எதைப் போட்டாலும் வெளிய ஒரே எண்தான் வரும். ஏழை பணக்காரன் பாக்காது, படிச்சவன் படிக்காதவன் பாக்காது. அதைவிட நியாயமானது உலகத்துல ஏதாவது இருக்கா? பல வருஷமா எங்க தேர்வை அந்த நிலைக்குக் கொண்டுவர உழைச்சிட்டிருக்கோம். இந்த வருஷம் கிட்டத்தட்ட வந்துட்டோம். நடுவுல நீங்க பாஸ் ஆயிட்டீங்க."

எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு மிஷின் இருக்கிறது. வெள்ளையைப் போட்டாலும் நீலத்தைப் போட்டாலும் சாம்பல் நிறத்தில்தான் வெளியே வரும். நாங்கள் அதைப் பழுது என்று எழுதி ஓரமாக வைத்திருக்கிறோம். மேடத்திடம் இதைச் சொல்லவில்லை.

யோசிக்க அவகாசம் கொடுத்து எங்களை வெளியே அனுப்பினார்கள். நடைபாதையில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் தச்சரின் ரம்பம் உட்கார்ந்திருந்தது. நாங்கள் சுவரில் சாய்ந்து நின்றோம்.

"உண்மையைச் சொல்லுங்க மாமா. எப்படி 'ஆ' போட்டீங்க?"

மாமா இரண்டு பக்கமும் பார்த்தார். "தூங்கிட்டேன் மாப்ள."

"என்னது?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு அப்படியே போனேன்ல. முப்பத்தேழு வரைக்கும் கண்ணை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன். அந்த முக்கோணத்தைப் பாத்ததும் சொக்கிடுச்சு. அப்படியே அசந்துட்டேன். கண்காணிப்பாளர் தோளைத் தட்டினப்ப முழிச்சேன். பேனா முனை 'ஆ' வட்டத்துல நின்னிருக்கு. மை ஊறி வட்டம் முழுக்கக் கறுப்பா இருந்துச்சு. அழிக்கவா முடியும்? அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"விட்டுட்டு வாங்க மாமா. ஃபெயில்னு எழுதிக்கட்டும். ராத்திரி வேலை இருக்கு, சோறு இருக்கு. இவங்க சகவாசம் வேண்டாம்."

"உனக்கென்ன, கல்யாணம் ஆகாதவன். நீ பகல்ல தூங்கினா யாரும் படம் வரைய மாட்டாங்க."

"சரி, உள்ள போய் என்னதான் சொல்வீங்க?"

"ஏதாவது. அவங்க சொல்றதைவிடப் பைத்தியக்காரத்தனமா என்னால சொல்ல முடியாதுடா. அது ஒண்ணுதான் தைரியம்."

அந்தக் கணிப்பு சரிதான். அவர் வாழ்க்கையில் கணக்கில் காட்டிய ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே போனதும், "கணக்குப் போட்டுத்தான் சார் கண்டுபிடிச்சேன்," என்றார். அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கரும்பலகையைக் காட்டினார்கள். மாமா சாக்பீஸை எடுத்து ஒரு முக்கோணம் போட்டார். சாக்பீஸ் வழுக்கியதில் உள்ளே குறுக்காக ஒரு கோடு விழுந்துவிட்டது. அதை அழிக்கப் போனார்.

"அழிக்காதீங்க!" என்று எழுந்துவிட்டார் வடிவியல் அதிகாரி. "துணைக்கோடு! துணைக்கோடு போட்டிருக்கார் பாருங்க. இது நமக்கு ஏன் தோணல?"

மாமா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். 5, 7, 14. சலவைக்கூடத்தில் துணி எண்ணுவதுபோல உதடு அசைந்தது. கூட்டினார், கழித்தார், திரும்பக் கூட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பதினாலும் ஏழும் இருபத்தொண்ணு. அதுல அஞ்சு போனா பதினாறு."

தலைவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வடிவியல் அதிகாரி தாளில் எழுதிப் பார்த்தார். பதினாறுதான்.

"அஞ்சை ஏன் கழிச்சீங்க?" என்றார் தலைவர்.

"அது... சின்னதா இருக்கு சார்."

"சின்னது எட்டாதில்லையா, அதனால கழிச்சிருக்கார்," என்று வடிவியல் அதிகாரி மற்றவர்களுக்கு விளக்கினார். "ரொம்ப இயல்பான சிந்தனை."

நான் படிப்பை விட்டவன்தான். ஆனாலும் நீளத்தோடு நீளத்தைக் கூட்டினால் நீளம்தான் வரும், பரப்பு எப்படி வரும் என்று ஒரு சந்தேகம் வந்தது. கேட்டும்விட்டேன். மேடம் சிரித்தார். "சென்டிமீட்டரை உள்ள போட்டாச் சதுர சென்டிமீட்டர் வெளிய வர்ற மாதிரி ஒரு சார்பு எழுதிக்கலாம். அரை மணி நேர வேலை."

கைதட்டினார்கள். தலைவர் மாமாவைக் கட்டிக்கொண்டார். இந்த வழிமுறை அடுத்த பாடத்திட்டத்தில் சேரும் என்றார். பகல் ஷிஃப்ட் உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டு மாமா கையில் கொடுத்தார். மாமா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். நெஞ்சுப் பையில் வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அவர் முழு விழிப்போடு இருந்து நான் பார்த்த சில நிமிடங்கள் அவை.

"அப்ப நாங்க கிளம்புறோம் சார்."

"எங்க கிளம்புறீங்க?" என்றார் தலைவர். குரலில் அன்பு குறையவில்லை. "முப்பத்தேழாம் வினா அடுத்த தேர்வுலயும் வருது. நல்ல வினாவை நாங்க விடுறதில்ல. வழிமுறை தெரிஞ்ச ஆள் வெளிய நடமாடினா வினா கசிஞ்சிடும். வினாத்தாள் அச்சடிக்கிறவங்களை என்ன பண்றோம்? தேர்வு முடியற வரைக்கும் ரகசிய அறையில தங்க வெக்கிறோம். சாப்பாடு, படுக்கை எல்லாம் உண்டு. உங்களுக்கும் அதேதான். மரியாதையா எடுத்துக்கணும்."

"அடுத்த தேர்வு எப்ப சார்?"

"போன தேர்வு மேல உள்ள முறையீடெல்லாம் தீர்ந்ததும்."

"எத்தனை பேர் முறையீடு பண்ணியிருக்காங்க?"

"'இ' போட்ட எல்லாரும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் மர முக்கோணத்தை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப என் பகல் ஷிஃப்ட்?"

"உத்தரவுதான் கையில இருக்கே. நாளையிலிருந்து அமல். நீங்க வராட்டி மருத்துவமனை நடவடிக்கை எடுக்கும். அதுல நாங்க தலையிட முடியாது. அது வேற நிர்வாகம்."

அப்போதுதான் மாமா உடைந்தார். உடைந்தார் என்றால் அழவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டார். "சார், நான் கணக்கெல்லாம் போடல சார். தேர்வுல தூங்கிட்டேன். பேனா அதுவாப் போட்டுச்சு. இப்ப சொன்னது உங்க முன்னாடி வாய்க்கு வந்தது. ஃபெயில்னே போட்டுடுங்க. நான் ராத்திரி வேலைக்கே போறேன். வீட்டுக்கு விடுங்க சார், போதும்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம். ஆனா ஒரு உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடுதாங்க இருக்கலாம். ஒரே கேள்வியைக் கேட்டோம், முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப இன்னொண்ணு சொல்றீங்க. ரெண்டையும் எடுத்துக்கிட்டா அது சார்பே இல்லாமப் போயிடும். முதல்ல சொன்னதைத்தான் எடுத்துக்க முடியும்."

"முதல்ல சொன்னது பொய்ங்க."

"இருக்கட்டும். முதல்ல சொன்னீங்கல்ல?"

வடிவியல் அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பியும் பாத்துட்டாரே, வழிமுறையை?"

நேர்மைப் பிரிவுக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"பத்தாவது. பாதி."

"இப்ப பலகையில போட்டது புரிஞ்சுதா?"

"புரியல."

"அப்ப பிரச்சினை இல்ல," என்றார் தலைவரிடம். "இவர் மதிப்பகத்துக்கு வெளிய இருக்கார்."

மதிப்பகம் என்றால் மேடத்தின் மிஷினுக்குள் போடத் தகுந்தவற்றின் பட்டியல் என்று பிறகுதான் தெரிந்தது; அன்று நான் கேட்கவில்லை. வெளியே என்பது மட்டும் போதுமாக இருந்தது. அதற்காக எனக்கு உண்டான நிம்மதியை மாமா கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ரகசிய அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. நேர்மைப் பிரிவுக்காரர் முன்னால் நடந்தார், நடுவில் மாமா, பின்னால் நான். போகிற வழியில் மாமாவிடமிருந்து செல்போனை வாங்கிக்கொண்டார்கள், பேனாவை வாங்கிக்கொண்டார்கள். நெஞ்சுப் பையிலிருந்த உத்தரவையும் வாங்கி, பின்பக்கம் வெற்றாக இருக்கிறது, கணக்குப் போட முடியும் என்று வைத்துக்கொண்டார்கள்.

அறையில் இரும்புக் கட்டில் ஒன்று, பாத்திரத்தில் தண்ணீர், மேலே குழல்விளக்கு. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பூச்சு வேலை பாக்கி. கட்டிலைப் பார்த்ததும் மாமாவின் கண்கள் அவரை மீறிச் சொருகின. நேற்று மாலையிலிருந்து அவர் படுக்கவில்லை.

"அக்காகிட்ட என்ன சொல்லட்டும் மாமா?"

அவர் வாசலில் நின்று யோசித்தார். "என்னன்னு சொல்வே? பாஸ்னு சொல்லு."

"நம்ப மாட்டா."

"சீட்டெழுதி ஒட்டிடு."

உள்ளே போனார். செருப்பைக் கழற்றி, வீட்டில் வைப்பதுபோலவே சுவரோரம் ஜோடியாக வைத்தார். நேர்மைப் பிரிவுக்காரர் கதவைச் சாத்தினார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார்.